அரை ரூபாய் எடைக்கு ஒரு கடுதாசி

"எம்பேரு இஞ்ஞாசிமுத்து. வயசு பத்தொம்பது. இப்ப இருக்கது கம்பம் கடைத்தெருவுல, ராஜமணி அண்ணே கடையில, பலகைக்கு இங்கிட்டு."

பேனாவை மைக்கூட்டில் தோய்த்த சுகிர்தம் கையை அப்படியே நிறுத்தினாள்.

"பெத்த ஆத்தாவுக்கு உன் பேரு தெரியாதாக்கும்? வயசும் மறந்து போயிருக்குமோ?"

"இருக்கட்டும்க்கா, எழுதுங்க. எங்க வீட்டுல பிரிச்சு வாசிக்கப் போற மொதக் கடுதாசி இதுதான். நான்தான் சொல்றேன், உயிரோட நின்னு சொல்றேன்னு தெரியணும்ல."

"மொதக் கடுதாசியா? அப்ப இது என்ன?"

பலகையின் மேல் கிடந்த பழைய உறையை அவள் பேனாக் கட்டையால் தள்ளிவிட்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் கையாலேயே எழுதி, மடித்து, முகவரி போட்டுக் கொடுத்தது. சிவகங்கைச் சீமை இலுப்பையேந்தலுக்குப் போய், அங்கே யாரும் வாங்காமல், மேலெல்லாம் கறுப்பு முத்திரை வாங்கிக்கொண்டு, அனுப்பினவர் என்று எழுதியிருந்த இந்தக் கடைக்கே திரும்பி வந்திருந்தது. வந்த கூலியைத் தபாலாபீசில் இரட்டிப்பாகக் கட்டி அதை வாங்கி வைத்தவர் சுகிர்தத்தின் புருசன் ராஜமணி. மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அவர் இதுவரை அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. சுகிர்தம்தான் திறந்தாள்.

"மிஷன் பள்ளிக்கூடத்துல நாலு வருசம் படிச்ச கையெழுத்து இது. தாலுகா, ஜமீன், தெரு எல்லாம் போட்டிருக்கேன். எங்கன தப்புன்னு நீயே சொல்லு. ஸ்டாம்பு ஒட்டுறேன்னு சொன்னேன். நானே ஆபீசுல வாங்கி ஒட்டிக்கிறேன்னு வாங்கிட்டுப் போன. எங்க ஸ்டாம்பு?"

இஞ்ஞாசிமுத்து தலையைச் சொறிந்தான். விரல் நகங்களில் சுண்ணாம்பு ஏறி வெளுத்திருந்தது. மலைமேல் பெரியாற்று அணை வேலையில் ஒரு வருசமாகச் சுண்ணாம்பு குழைக்கிறான். சுண்ணாம்பு ஏற்ற இறங்கிய வண்டியோடு இன்று கீழே வந்தவன், சரக்கு ஏறுவதற்குள் கம்பம்வரை ஓடி வந்திருந்தான்.

"ஒட்டலக்கா. பேரிங்காப் போட்டேன். காசு குடுத்து அனுப்பினா வழியில எங்கனயாச்சும் போட்டுருவாக, பேரிங்குன்னா அங்கன போயிக் காசு வாங்கணும்ல, பத்திரமாக் கொண்டு போவாகன்னு எங்க கூலி லயத்துல எல்லாரும் சொன்னாக."

"காசு கேட்டா உங்க ஆத்தா குடுக்காதா?"

"குடுக்காது. அதுக்கில்லக்கா, அது நாங்க பேசி வெச்சது."

பிறகு அவன் சொன்னதைக் கேட்டு சுகிர்தம் பேனாவைக் கீழேயே வைத்துவிட்டாள். ஊரை விட்டுக் கிளம்பும்போது ஆத்தா ரோசம்மாளும் அவனும் செய்துகொண்ட ஏற்பாடு அது. மாதம் ஒரு வெற்று உறை, ஸ்டாம்பு இல்லாமல். உறையின் பின்பக்கம் சின்னச் சிலுவை போட்டிருந்தால் நல்லாயிருக்கிறேன் என்று பொருள். இரண்டு கோடு போட்டிருந்தால் காய்ச்சல். சனிக்கிழமை தபால்காரர் வந்ததும் ரோசம்மாள் உறையை வாங்கித் திருப்பிப் பார்ப்பாள். சிலுவையைக் கண்டதும் நெற்றியில் தானும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, யாரோ என்னவோ எனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். கூலியும் இல்லை, வாசிக்க ஆளும் தேவையில்லை.

"அனுப்பினவர் பேரு போடாம விட்டா திரும்பியும் வராது" என்று முடித்தான்.

"சர்க்கார் தலையில மொளகா அரைச்சிருக்கீக" என்றார் உள்ளேயிருந்து ராஜமணி.

"இந்தக் கடுதாசியிலயும் சிலுவை போட்டியாலே?" என்று கேட்டாள் சுகிர்தம்.

"பழக்கத்துல கை போட்டுருச்சுக்கா. போடாட்டி ஆத்தா பயந்துரும். ஒரு குறியும் இல்லாம வந்தா நான் இல்லன்னு அர்த்தம்."

சுகிர்தம் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு, பழைய உறையைக் கிழித்து உள்ளிருந்ததை வாசித்தாள். சேமநலமெல்லாம் முடிந்து கடைசியில் ஒரே ஒரு வரி: தம்பி சவரியை இங்கே அனுப்ப வேண்டாம், குளிரும் அட்டையும் சாஸ்தி.

"இதையே புது ஒறையில போட்டு ஸ்டாம்ப ஒட்டி அனுப்பிரலாமே. திரும்ப எதுக்கு எழுதணும்?"

"அது பத்தாதுக்கா. குளிருன்னு சொன்னா சவரி கம்பளி எடுத்துட்டு வருவான்."

சவரிக்குப் பதினாறு வயசு. அவனையும் இலுப்பையேந்தலில் இன்னும் பதினோரு பேரையும் சேர்த்துப் பேர் எழுதியாயிற்று என்று மேஸ்திரி குருசாமி போன வாரம் இஞ்ஞாசிமுத்துவின் தோளில் தட்டிச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை சந்தியாகப்பர் திருவிழா. மறுநாள் காலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதாகத் திட்டம். மேஸ்திரி நேற்றே ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். இலுப்பையேந்தலுக்குத் தபால்காரர் வருவது சனிக்கிழமை மட்டும். இன்று இரண்டு மணிக்குக் கட்டும் பையில் ஏறினால்தான் இந்தச் சனிக்கிழமை சேரும். தப்பினால் அடுத்த சனிக்கிழமை. அதற்குள் சவரி மலையேறியிருப்பான்.

"மூணு நாலு மணிநேரம் இருக்கு. சொல்லு, எழுதுறேன்" என்றாள். "கார்டு போதுமா? கால் அணாதான்."

"வேணாம்க்கா. கார்டுன்னா போற வர்றவுகெல்லாம் வாசிப்பாக. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா எனக்கு வேல இல்ல. மூடின ஒறைதான் வேணும். அரக்கு வெச்சு முத்திரையும் போட்டுருங்க."

அவன் சொல்லத் தொடங்கினான். நின்றால் மறந்துவிடும் என்கிற பயத்தில் நிறுத்தாமல் சொன்னான். எதிரே ஆத்தா உட்கார்ந்திருப்பதுபோலக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். சுகிர்தமும் தலை நிமிராமல் எழுதினாள். இரண்டு தாள் நிரம்பியதும் வாசித்துக் காட்டினாள்.

"'...ஆத்தா, சவரிய அனுப்பாத. இங்கன வாந்திபேதி வந்திருக்கு. இருங்கக்கா, அத அப்படிச் சொல்ல வேணாம். சரி எழுதுங்க. லயத்துல மூணு பேரப் புதைச்சாச்சு. அண்ணே அந்த ஈய ஓட்டுங்க, மையில விழுகுது. ஆத்தா நான் நல்லாத்தான் இருக்கேன்...'"

"ஏக்கா, ஈய எதுக்கு எழுதுனீக?"

"நீ சொன்ன, நான் எழுதுனேன். எது கடுதாசி எது ஈயின்னு உனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல, நான் என்னத்தக் கண்டேன்?"

ராஜமணி குலுங்கிச் சிரித்தார். இஞ்ஞாசிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மூணு பேருன்னியே, யாரு யாரு?" என்று கேட்டாள் சுகிர்தம்.

அவன் தெருவைப் பார்த்தான். பிறகு பலகையின் விளிம்பைப் பார்த்தான்.

"ரெண்டு பேரு மேலூர்ப் பக்கத்து ஆளுக. ஒருத்தன் எங்க ஊரு. எங்க வீட்டுக்கு எதுத்த வீடு. கர்ணன்னு பேரு. ஒண்ணாத்தான் வந்தோம். பதினாலு நாளாச்சு."

"அவங்க ஆத்தாவுக்குத் தெரியுமா?"

"மொக்கம்மா அத்தைக்கு இன்னும் தெரியாது. துக்கத்தக் கடுதாசியில போடக்கூடாது, நானே நேர்ல போயிச் சொல்றேன்னு மேஸ்திரி சொல்லியிருக்காக."

"ஆளுகள வண்டியேத்துறதுக்கு முந்திச் சொல்லுவாரா, பிந்திச் சொல்லுவாரா?" என்றார் ராஜமணி.

கர்ணன் பேரை எழுத வேண்டாம், மூன்று பேர் என்றே இருக்கட்டும் என்று மட்டும் அவன் சொன்னான். மேஸ்திரி சொல்லிக்கொள்வதாகச் சொன்ன சாவை அவன் எப்படி முந்திக்கொண்டு சொல்வது?

சுகிர்தம் தகர அச்சை வைத்துத் தாளை வெட்டி, வேலம்பிசின் தடவி உறை செய்தாள். கடிதத்தை அதற்குள் வைத்து ஒட்டாமல், ஜாதிக்காய் நிறுக்கும் சின்னத் தராசை எடுத்துவரச் சொன்னாள். ராஜமணி ஒரு தட்டில் உறையையும் அதன்மேல் அரை அணா ஸ்டாம்பையும் வைத்தார். மறுதட்டில் ஒரு அரை ரூபாயை வைத்தார். நாணயத்திலிருந்த ராணி தலை மேலே ஏறிக்கொண்டது. உறைத் தட்டு தொப்பென்று பலகையில் உட்கார்ந்தது.

"அரை ரூபா எடை அரைத் தோலா. அதுக்கு மேல போனா இந்த ஸ்டாம்பு பத்தாது" என்றாள் சுகிர்தம். "கொறஞ்ச காசுக்கு ரெண்டு பங்கு உங்க ஆத்தாகிட்ட கேப்பாக. கேட்டா?"

"வேணாம்னு சொல்லிரும்."

"அம்புட்டுத்தான். ஒரு தாளுக்குள்ள சொல்லு. அரக்கும் கெடையாது, அது ஒரு ஆள் கனம் கனக்கும்."

"இன்னொரு ஸ்டாம்பு ஒட்டிருவோமே அண்ணே."

"இருந்ததே ஒண்ணு" என்றார் ராஜமணி. "ஆபீசுலயும் தீந்து போயிருச்சு. நாளைக்கு வரும்."

அவன் இரண்டாவது தாளைக் கையில் வாங்கிக்கொண்டான். எழுத்து தெரியாவிட்டாலும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். சின்னையா, பெரியம்மா, மூத்த அக்கா வீட்டுக்காரர், வேதம் சொல்லித்தரும் உபதேசியார், ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தகப்பன், மணியடிக்கும் கோயில்பிள்ளை, ஆளுக்கொரு தோத்திரம்.

"ஒருத்தர விட்டாலும் கோவிப்பாக."

"எல்லாரையும் விட்டுரு. ஒருத்தரும் கோவிக்க முடியாது."

புதுத் தாள் எடுத்தாள். மெல்லிய தாள், எதிர்வெயிலில் விரல் தெரியும். இம்முறை அவன் யோசித்துச் சொன்னான். ஒரு வாக்கியம் சொல்லி, நிறுத்தி, அது வேண்டுமா என்று தானே கேட்டுக்கொண்டு சொன்னான். பாதியில் நின்றுவிட்டான்.

"என்ன?"

"சவரி ஏன் வரணும்னு துடிக்கான்னு யோசிச்சேன்க்கா. மாசாமாசம் சிலுவை போட்டு அனுப்பினது நான்தானே. ரெண்டு மாசம் காய்ச்சல்ல படுத்துக் கெடந்தேன். அப்பவும் சிலுவைதான் போட்டேன். ரெண்டு கோடு போடக் கை வரல. அண்ணன் ஒரு நாளு கூட மேலுக்கு முடியாமக் கெடக்கல, மலை நல்ல எடந்தான்னு அவன் நினைச்சா அது யாரு குத்தம்?"

சுகிர்தம் பேனாவை மறுபடி மையில் தோய்த்தாள். அவளுக்கும் அவனைவிட ஐந்தாறு வயசுதான் கூட.

"அதச் சொல்லு. அதத்தான் எழுதணும்."

எழுதினாள். காய்ச்சலில் கிடந்தபோதும் சிலுவை போட்டது பொய் என்று எழுதினாள். பழைய குறிகளை இனி நம்ப வேண்டாம் என்று எழுதினாள். லயத்துக்குப் பின்னால் மூன்று குழி என்று எழுதினாள். ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் பாதி வந்தது. தராசில் வைத்தார்கள். முள் கொஞ்சம் ஆடி நடுவில் நின்றது.

"மூக்குல மூச்சு விடாதீக ரெண்டு பேரும்" என்றார் ராஜமணி.

இனி உறையின் வெளிப்பக்கம். முன்பக்கம் சுகிர்தம் முகவரி எழுதினாள்: மதுரை ஜில்லா, சிவகங்கை ஜமீன், இலுப்பையேந்தல், மாதா கோயில் தெரு, ரோசம்மாளுக்கு. ஸ்டாம்பை வலப்பக்க மூலையில் ஒட்டி உள்ளங்கையால் அழுத்தினாள். உறையைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுல என்ன குறி போடுறது?" என்று கேட்டுவிட்டு இஞ்ஞாசிமுத்துவே விழித்தான்.

சிலுவை போட்டால் ரோசம்மாள் வாங்க மாட்டாள். காசு வேண்டாம் என்று தபால்காரர் சொல்லும் முன்பே கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். இரண்டு கோடு போட்டாலும் அதுதான். காய்ச்சல் என்று தெரிந்துகொண்டு ஜெபமாலையை எடுக்கப் போவாள். ஒன்றும் போடாவிட்டால் மகன் செத்தான் என்று அங்கேயே விழுந்துவிடுவாள். அவள் வாங்கவும் வேண்டும், விழவும் கூடாது. பிரித்தே ஆகவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் வேண்டும்.

அவன் கண் கடைக்குள்ளே அலைந்து ஒரு மூட்டையில் நின்றது.

"அண்ணே, ஒரு மஞ்சத் துண்டு குடுங்க."

"எதுக்கு?"

"நாலு மூலையிலயும் தடவிருவோம். மஞ்ச பூசின கடுதாசிய எங்காத்தா திருப்பி அனுப்பாது. கல்யாணக் கடுதாசின்னு கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கும்."

சுகிர்தம் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எங்க சபையில மஞ்ச பூசுற வழக்கமில்ல. நான் செய்ய மாட்டேன்."

"நீங்க செய்ய வேணாம். நான் பூசுறேன், நீங்க அங்கிட்டுப் பாருங்க."

"ஆடி மாசத்துல மஞ்சக் கடுதாசியா? யாருலே நம்புவா?" என்றார் ராஜமணி.

"நாங்க மாதா கோயில் வேதக்காரக அண்ணே. ஆடியாவது ஆவணியாவது. அதுவும் திருநாள் நேரம்."

சுகிர்தம் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனாலும் அவன் ஈரமஞ்சளை முகவரி மேல் இழுத்துவிடுவான் என்று பயந்து, ஓரக்கண்ணால் பார்த்து, அடிக்கோலை எழுத்தின் மேல் மறைப்பாக வைத்துக் கொடுத்தாள். நான்கு மூலையும் மஞ்சளாயின. உறைக்கு ஒரு வீட்டு விசேஷத்தின் களை வந்துவிட்டது.

"உனக்குப் பொண்ணு பாத்தாச்சுன்னு நினைப்பாக உங்க ஆத்தா."

"பிரிக்கிற வரைக்கும் நினைக்கட்டும்க்கா."

தெருக்கோடியில் சலங்கைச் சத்தம் கேட்டது. தபால் பை தூக்கும் ஓட்டக்காரர் வந்துவிட்டார். சுகிர்தம் பிசினைக் குச்சியால் தொட்டு உறையின் வாயில் தடவினாள்.

"ஒட்டாதீக" என்றான் இஞ்ஞாசிமுத்து.

"எலே, பை கட்டப் போறாக."

"ஒட்டாதீகக்கா. மஞ்சக் கடுதாசின்னா எங்க ஆத்தா தனியா வாசிக்காது. தெருவையே கூப்பிட்டுரும். கோயில் வாசல்ல உபதேசியாரு நின்னு எல்லாருக்கும் கேக்கச் சத்தமா வாசிப்பாக. பதினோரு பயலுக வீட்டாளுகளும் வந்துருவாக."

"வரட்டுமே. அவுகளும் கேக்கட்டும். மேஸ்திரிக்குப் பயந்து யோசிக்கியா?"

அவன் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். மூடின உறை கேட்டதே அதற்காகத்தான். கோயில் வாசலில் வாசித்தால் மேஸ்திரி காதுக்கு அன்றைக்கே போய்விடும். அவர் அந்த ஊரில்தான் இருப்பார். ஆனால் இப்போது அவன் கண்முன் நின்றது மேஸ்திரி இல்லை. எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு, என்ன ரோசம்மா, மகனுக்குக் கல்யாணமா, எம்மகன் சேதி ஏதும் எழுதியிருக்கானா என்று முந்தானையை உதறிச் செருகியபடி முதல் ஆளாக வந்து நிற்கப்போகிற மொக்கம்மாள்.

"மேஸ்திரி தெரிஞ்சுக்கட்டும். வேலைய விட்டு ஓடுன்னா ஓடுறேன். மொக்கம்மா அத்தை அங்கன நிக்கும்க்கா. மூணு குழின்னு வாசிப்பாக. ஊரே அது முகத்தப் பாக்கும். மஞ்சக் கடுதாசிக்குச் சிரிச்சுக்கிட்டு வந்த பொம்பள."

சுகிர்தத்தின் குச்சி அந்தரத்தில் நின்றது. பிசின் ஒரு சொட்டு பலகையில் விழுந்தது.

"கர்ணன் பேர உள்ள எழுதிருவோமா?"

"உள்ள எழுதினா வாசிச்சு அங்கன வரும்போதுதான் தெரியும். அதுக்குள்ள அத்தை நடுவுல நிக்கும். வாசிக்கிறவுகளுக்கு முந்தியே தெரியணும். வாயத் தொறக்கிறதுக்கு முந்தி."

இன்னொரு துண்டுத் தாள் வைக்க எடை இடம் கொடுக்காது. மஞ்சளின் ஈரமே எடையைக் கூட்டிவிட்டதோ என்று ராஜமணி மறுபடி தராசைத் தூக்கிக்கொண்டிருந்தார். சுகிர்தம் உறைக்குள்ளிருந்து கடிதத்தை வெளியே எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள். மறுபக்கத்தில் கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தது. எழுத்து உள்ளேயும் வெறுமை வெளியேயும் வரும்படி தாளைத் திருப்பி மடித்தாள். உறையைக் கிழிப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்த வெறும் பாதிதான். விரலால் அதைத் தட்டினாள்.

"இங்கன எழுதுறேன். உபதேசியாரு எடுத்ததும் இதத்தான் பாப்பாரு. சுருக்கச் சொல்லு. ஈயி கீயின்னு பேசாத."

"அவருதான் வாசிப்பாருன்னு நிச்சயமில்லக்கா. திருநாள் வேலையா எங்கிட்டாவது போயிருப்பாரு. யாரு வாசிச்சாலும் ஆகுற மாதிரி எழுதுங்க."

அவன் பலகை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சொன்னான். ஒரு சொல்லும் திரும்பச் சொல்லவில்லை. அவளும் ஒரு சொல்லும் திருத்தவில்லை. ராஜமணி எழுந்துபோய் வாசலில் நின்று, ஓட்டக்காரரை அழைத்து, ஒரு வெற்றிலையைக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மை காயச் சுகிர்தம் ஊதினாள். மடிப்பைக் கலைக்காமல் உறைக்குள் தள்ளினாள். கடைசியாக ஒரு தடவை தராசில் ஏற்றினாள். முள் நடுவில்தான் நின்றது. வாயை ஒட்டி, மேலே அரை ரூபாயையே பாரமாக வைத்து, பிசின் பிடிக்கும்வரை எண்ணினாள். பிறகு உறையை அவன் கையிலேயே கொடுத்தாள்.

"நீயே கொண்டு போயிப் பையில போடு. வழியில பின்பக்கம் எதுவும் போட்டுராத. கைய மடிச்சு வெச்சுக்க."

அவன் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு ஓடினான். பை கட்டும் முன் உறை உள்ளே விழுந்தது. மஞ்சள் மூலை ஒன்று கண்ணில் பட்டு மறைந்தது. சலங்கைச் சத்தம் உத்தமபாளையத்துச் சாலையில் தேய்ந்தது. அவன் எதிர்த்திசையில், கூடலூரில் சரக்கேறி நிற்கும் வண்டியை நோக்கி நடந்தான். மேகம் இறங்கி மலை தெரியவில்லை. நடக்க நடக்க, சனிக்கிழமை அந்த மடிப்பை யார் கை எடுக்கும் என்று தெரியாமல், அங்கே எழுதியிருந்ததை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனான்.

'இதப் பிரிச்சு வாசிக்கிறவுகளுக்கு: மஞ்ச பூசினதுக்கு மன்னிச்சுக்கோங்க, இது கல்யாணச் சேதி இல்ல. சத்தமா வாசிக்கிறதுக்கு முந்தி, மொக்கம்மா அத்தைய அவுக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. உக்கார வெச்சு, கைய புடிச்சுக்கிட்டு, கர்ணன் போயிட்டான்னு சொல்லுங்க. எங்க ஆத்தாவ அவுககூட இருக்கச் சொல்லுங்க. பெறகு வந்து, மலைக்குப் போகப் பேரு குடுத்த எல்லாரையும் நிக்க வெச்சு, உள்ள இருக்கத ஒண்ணு விடாம வாசிங்க.'